போஸ்ட்கிரஸின் கணுக்கள்: ஒரு வினவல் மரமாகும் கதை



கணினி படிக்கும் மாணவர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். அலுவலகத்திலிருந்து நேரே வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் நிரலாளர்களையும் பார்க்கிறேன். உங்களில் பெரும்பாலோர் நாள்தோறும் ஏதோ ஒரு தரவுத்தளத்துக்கு வினவல் அனுப்புகிறவர்கள். வினவல் எழுத்தாகப் போகிறது, பதில் பதிவுகளாகத் திரும்பி வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் அந்த வினவல் எந்த உருவத்தில் உயிர்வாழ்கிறது? இதைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லாத் தரவுத்தளங்களையும் பற்றிப் பொதுவாகப் பேசினால் எதையும் சொன்னதாக ஆகாது. அதனால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: போஸ்ட்கிரெஸ்க்யூஎல். போஸ்ட்கிரஸ் என்று சுருக்கமாகச் சொல்வோம். அதன் மூலநிரல் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கும்படி இருக்கிறது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. படிப்பவருக்காக எழுதப்பட்ட விளக்கக் குறிப்புகள் அந்த நிரலில் ஏராளமாக இருக்கின்றன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய மென்பொருளைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அது என்ன செய்கிறது என்று பார்ப்பதற்கு முன், எதை எந்த வடிவத்தில் வைத்திருக்கிறது என்று பாருங்கள். தரவமைப்பு முழு உண்மையைச் சொன்னால் நிரல் தானாகவே எளிமையாகும். அது அரை உண்மையைச் சொன்னால் மீதி அரையை நிரல் முழுக்கத் தேடித்தேடி ஒட்டுப்போட வேண்டிவரும். போஸ்ட்கிரஸில் இரண்டுமே நடந்திருக்கின்றன. இரண்டுக்கும் உதாரணம் காட்டுகிறேன்.

கொஞ்சம் வரலாறு. 1986-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரின் தலைமையில் இந்தத் திட்டம் தொடங்கியது. அவர் முன்பு உருவாக்கிய இங்க்ரெஸ் என்ற தரவுத்தளத்துக்கு அடுத்து வந்ததால் இந்தப் பெயர். 1987-ல் செயல்விளக்கம் காட்டும் அளவுக்கு வந்தது. 1989 ஜூனில் முதல் பதிப்பு வெளியாட்கள் சிலர் கைக்குப் போனது. அந்தத் தொடக்க காலத்தில் நிரலின் ஒரு பகுதி சி மொழியிலும், இன்னொரு பகுதி லிஸ்ப் மொழியிலும் எழுதப்பட்டிருந்தது. வினவலைப் பிரித்துப் பார்ப்பது, திட்டமிடுவது போன்ற வேலைகளுக்கு லிஸ்ப் இயல்பாகப் பொருந்தும், ஏனென்றால் லிஸ்பின் அடிப்படை அமைப்பே பட்டியல்தான், பட்டியலுக்குள் பட்டியல் வைத்தால் மரம். ஆனால் அன்றைய லிஸ்ப் சூழல் நினைவகத்தை அதிகம் விழுங்கியது, வேகமும் போதவில்லை. லிஸ்ப் பக்கம் போனது தவறு என்று அந்தக் குழுவினரே தங்கள் ஆய்வுக்கட்டுரையில் எழுதிவிட்டு, அந்தப் பகுதியைச் சி-க்கு மாற்றினார்கள்.

லிஸ்ப் போய்விட்டது, ஆனால் அதன் சிந்தனை போகவில்லை. இன்றைக்கும் போஸ்ட்கிரஸின் நிரலில் காலிப் பட்டியலுக்குப் பெயர் ‘நில்’. பட்டியலின் தலையில் ஒன்றைச் சேர்க்கும் செயற்கூறுக்குப் பெயர் ‘எல்கான்ஸ்’. 1994-ல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இருவர் எஸ்க்யூஎல் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனைச் சேர்த்தார்கள். 1996-ல் இன்றைய பெயர் வந்தது. அந்த மாற்றங்களுக்கெல்லாம் அடியில், லிஸ்பிலிருந்து வந்த மர அமைப்பு அப்படியே நின்றது.

சி மொழியில் மரம் கட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வினவலில் வரும் பொருள்கள் பல வகை. ஒரு நெடுவரிசையின் பெயர் ஒரு வகை, ஒரு மாறிலி இன்னொரு வகை, கூட்டல் குறி வேறு, செயற்கூறு அழைப்பு வேறு. மரத்தின் கிளையில் எந்த வகை வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். ஜாவாவிலோ பைத்தானிலோ இதற்கு மரபுரிமை இருக்கிறது, சி-யில் இல்லை. போஸ்ட்கிரஸ் என்ன செய்தது?

‘நோட்ஸ்.எச்’ என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் ‘நோட்’ என்று ஒரு ஸ்ட்ரக்ட். அதற்குள் ஒரே ஒரு உறுப்புதான்: ‘இது எந்த வகைக் கணு’ என்பதைச் சொல்லும் ஓர் எண். அதை வகைக்குறி என்று சொல்வோம், நிரலில் அதன் பெயர் ‘நோட்டேக்’. போஸ்ட்கிரஸில் உள்ள நூற்றுக்கணக்கான கணு வகைகள் அனைத்துக்கும் பொதுவான விதி இது ஒன்றுதான்: முதல் உறுப்பு வகைக்குறியாக இருக்க வேண்டும்.

இதன் பலத்தைப் பாருங்கள். ஒரு ஸ்ட்ரக்டின் முகவரியும் அதன் முதல் உறுப்பின் முகவரியும் ஒன்றே என்று சி மொழியின் தரநிலையே உறுதி தருகிறது. ஆகவே கையில் ஒரு சுட்டி கிடைத்தால், அது எதைச் சுட்டுகிறது என்று தெரியாவிட்டாலும், முதல் சில பைட்டுகளை வகைக்குறியாகப் படித்துவிடலாம். படித்த பிறகு அதற்குரிய வகையாக மாற்றிக்கொள்ளலாம். ஒரு அட்டவணையை முதல் பதிவிலிருந்து கடைசி வரை படிக்கும் ‘சீக்ஸ்கேன்’ கணுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் உறுப்பு ‘ஸ்கேன்’. ஸ்கேனின் முதல் உறுப்பு ‘பிளான்’. பிளானின் முதல் உறுப்பு வகைக்குறி. ஒரே முகவரியைத் தேவைக்கேற்ப நான்கு மட்டங்களில் படிக்கலாம். செலவு மதிப்பீடு மட்டும் வேண்டிய நிரல் அதைப் பிளானாகப் பார்க்கிறது. எந்த அட்டவணை என்று தெரிய வேண்டிய நிரல் ஸ்கேனாகப் பார்க்கிறது.

புதிய கணுவை உருவாக்க ‘மேக்நோட்’ என்ற மேக்ரோ இருக்கிறது. அது வேண்டிய அளவு நினைவகத்தை எடுத்து, முழுவதையும் பூஜ்ஜியமாக்கி, வகைக்குறியைப் பதித்துக் கொடுக்கிறது. பூஜ்ஜியமாக்குவதை அற்பமாக நினைக்காதீர்கள். ஒரு உறுப்பை நிரப்ப மறந்துவிட்டால் அங்கே பழைய குப்பை இருக்காது. நல் சுட்டியோ, பொய் என்ற மதிப்போ, காலிப் பட்டியலோதான் இருக்கும். கணுக்களை வடிவமைப்பவர்களும் பூஜ்ஜியம் என்றால் பாதுகாப்பான பொருள் வரும்படி பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு கணு இந்த வகையா என்று கேட்க ‘இஸ்ஏ’ உண்டு. 10-ஆம் பதிப்பில் ‘காஸ்ட்நோட்’ வந்தது. அது வகை மாற்றும்போதே வகைக்குறி பொருந்துகிறதா என்று சோதனைக் கட்டமைப்புகளில் சரிபார்க்கும். எதிர்பாராத கணு வந்து சேர்ந்தால் ‘அடையாளம் தெரியாத கணு வகை’ என்ற பிழைச்செய்தியும் அதோடு ஓர் எண்ணும் வரும். நீட்சிகளை எழுதுகிறவர்களுக்கு அந்தச் செய்தி நன்றாகப் பழக்கம்.

இனி ஒரு வினவலைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்போம். ‘மாணவர்’ என்று ஓர் அட்டவணை. அதில் பெயர், மதிப்பெண் என்று இரண்டு நெடுவரிசைகள். மதிப்பெண் 90-க்கு மேல் எடுத்தவர்களின் பெயர்கள் வேண்டும். போகிற போக்கில் ஒன்று சொல்கிறேன்: இந்தப் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம், போஸ்ட்கிரஸ் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஒரு பெயருக்கு அனுமதி 63 பைட்டுகள்தான். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் ஆகிறது. ஆகவே 21 குறியீடுகள்தான் கிடைக்கும், அதிலும் உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே கணக்காகும். நீளமான தமிழ்ப் பெயர் வைத்தால் வால் வெட்டப்படும். வெட்டும்போது ஒரு குறியீட்டின் நடுவில் வெட்டாமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு அந்த நிரல் கவனமாக எழுதப்பட்டிருக்கிறது.

வினவல் வந்ததும் முதலில் பார்சர் அதைப் படிக்கிறது. பள்ளியில் ஒரு வாக்கியத்தை எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று பிரித்தோமே, அதே வேலை. ‘கல் பாடியது’ என்ற வாக்கியத்தையும் நாம் பிரித்துவிடுவோம். கல் பாடுமா என்பது அடுத்த கேள்வி. பார்சரும் அப்படித்தான், இலக்கணத்தை மட்டும் பார்க்கிறது. அதன் கையிலிருந்து ‘செலக்ட்ஸ்டேட்மெண்ட்’ வகையிலான ஒரு கணு வருகிறது. அதற்குக் கீழே மூன்று கிளைகள். என்ன வேண்டும் என்ற கிளையில் ‘பெயர்’ என்ற எழுத்துக்கோவையைத் தாங்கிய ஒரு நெடுவரிசைக் குறிப்பு. எங்கிருந்து என்ற கிளையில் ‘மாணவர்’ என்ற எழுத்துக்கோவை. நிபந்தனைக் கிளையில் பெரிது என்ற குறியும், அதன் இடப்பக்கம் ‘மதிப்பெண்’ என்ற குறிப்பும், வலப்பக்கம் 90 என்ற மாறிலியும். மாணவர் என்றொரு அட்டவணை உண்மையில் இருக்கிறதா? இந்தக் கட்டத்தில் யாருக்கும் தெரியாது.

ஏன் இப்படி இரண்டு கட்டமாகப் பிரித்தார்கள்? அட்டவணை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் கேட்டலாக் என்ற உள் அட்டவணைகளைப் படிக்க வேண்டும். அவற்றைப் படிக்க ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் இருக்க வேண்டும். ஆனால் வந்திருக்கும் கட்டளையே ‘டிரான்சாக்‌ஷனைத் தொடங்கு’ என்பதாக இருந்தால்? அல்லது நடுவில் பிழை நேர்ந்து முறிந்துபோன டிரான்சாக்‌ஷனுக்குள் ‘ரோல்பேக்’ என்று வந்தால்? அப்போது கேட்டலாகைத் தொட முடியாது, ஆனால் வந்த கட்டளை என்னவென்று தெரிந்தாக வேண்டும். ஆகவே எதையும் தொடாமல், எழுத்துகளை மட்டும் பார்த்து மரம் கட்டும் ஒரு கட்டம் தேவைப்படுகிறது.

இந்த முதல் மரத்தில் சிறு நுணுக்கங்கள் பல. 3.14 போன்ற ஒரு தசம எண் வந்தால், அதைத் தாங்கும் ‘ஃப்ளோட்’ கணு அதை எண்ணாக மாற்றுவதில்லை, எழுத்துக்கோவையாகவே வைத்துக்கொள்கிறது. ஏனென்றால் அந்த எண் பிறகு எந்தத் தரவு வகையாகப் போகிறது என்று இன்னும் தெரியாது. அவசரப்பட்டு இரும எண்ணாக மாற்றிவிட்டால், துல்லியமான நியூமெரிக் வகைக்குப் போகும்போது இலக்கங்கள் தொலைந்திருக்கும். தெரியாததைத் தெரிந்ததுபோல் பதியக்கூடாது என்ற நேர்மை அந்தக் கணுவில் இருக்கிறது.

அடுத்த கட்டம் பொருள் ஆய்வு. இப்போது கேட்டலாகைத் திறந்து ஒவ்வொரு பெயருக்கும் ஆளைக் கண்டுபிடிக்கிறார்கள். விளைவாக வருவது ‘குவெரி’ என்ற கணு. போஸ்ட்கிரஸின் நடு மையம் இதுதான் என்பேன். இதில் பெயர்களுக்குப் பதில் எண்கள் வந்துவிடுகின்றன. வினவலில் வரும் அட்டவணைகள் எல்லாம் ஒரு வரிசையில் நிறுத்தப்படுகின்றன. நம்முடைய மாணவர் அட்டவணை அதில் 1-ஆம் இடம். ‘மதிப்பெண்’ என்ற சொல் போய், ‘வார்’ என்ற கணு வருகிறது: 1-ஆம் அட்டவணை, 2-ஆம் நெடுவரிசை, வகை எண் 23. போஸ்ட்கிரஸில் 23 என்றால் சாதாரண முழு எண். பெரிது என்ற குறி போய், 521 என்ற ஆபரேட்டர் எண் வருகிறது. முழு எண்ணையும் முழு எண்ணையும் ஒப்பிடும் ‘பெரிது’ அது. எழுத்துகளை ஒப்பிடும் ‘பெரிது’க்கு வேறு எண். 521-ஐ நடைமுறைப்படுத்தும் செயற்கூறின் எண் 147, அதுவும் பக்கத்திலேயே குறிக்கப்படுகிறது. 90 என்ற மாறிலி, தன் வகையைத் தெரிந்துகொண்ட முழு எண்ணாகி நிற்கிறது.

பல கணுக்களில் ‘லொகேஷன்’ என்றொரு உறுப்பு உண்டு. மூல வினவலில் எத்தனையாவது பைட்டிலிருந்து இந்தக் கணு பிறந்தது என்ற குறிப்பு அது. பிழை நேர்ந்தால் வினவலின் சரியான இடத்துக்குக் கீழே ஒரு கூர்க்குறி காட்டுகிறதல்லவா, அது இந்த உறுப்பால்தான். ஆனால் இரண்டு கணுக்கள் சமமா என்று ஒப்பிடும்போது லொகேஷனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தால், செலக்ட் பகுதியில் எழுதிய ஒரு கோவையையும் குரூப் பை பகுதியில் எழுதிய அதே கோவையையும் ஒன்றென்று அறிய முடியாமல் போகும். ஏனென்றால் அவை இரண்டும் வினவலில் வெவ்வேறு இடத்தில் இருக்கின்றன.

இங்கே கொஞ்சம் நின்று வியூ, அதாவது பெயர் கொடுத்துச் சேமித்த வினவல், பற்றிச் சொல்ல வேண்டும். நடைமுறையில் உங்கள் அனைவருக்கும் பயன்படும் செய்தி இது. நீங்கள் ஒரு வியூ உருவாக்கினால், நீங்கள் எழுதிய எஸ்க்யூஎல் வரிகளை போஸ்ட்கிரஸ் சேமித்து வைப்பதில்லை. பொருள் ஆய்வு முடிந்த குவெரி மரத்தை எழுத்துவடிவமாக்கி, கேட்டலாகில் ‘பிஜி_நோட்_ட்ரீ’ என்ற தனி வகையில் வைக்கிறது. அடைப்புக்குறிக்குள் கணுவின் பெயர், பிறகு ஒவ்வொரு உறுப்பும் அதன் மதிப்பும் என்று அது நீண்டு போகும். பார்ப்பவருக்கு லிஸ்ப் நினைவுக்கு வரும். 90 என்ற மாறிலி அதில் 90-ஐத் தொடர்ந்து ஏழு பூஜ்ஜியங்களாகக் கிடக்கும். பெரும்பாலான இன்றைய கணினிகளில் எட்டு பைட் அப்படியே பைட் பைட்டாக எழுதப்பட்டிருப்பதுதான் காரணம். நெடுவரிசைகளின் இயல்பு மதிப்புகள், செக் நிபந்தனைகள், கோவைகள் மீது கட்டிய இண்டெக்ஸ்கள், பதிவுவாரியான பாதுகாப்பு விதிகள் எல்லாம் இதே வடிவத்தில்தான் வட்டில் உறங்குகின்றன.

இதிலிருந்து வருகிற விளைவுகளைக் கவனியுங்கள். மாணவர் அட்டவணையில் மதிப்பெண் என்ற நெடுவரிசையின் பெயரை மாற்றினாலும் வியூ உடையாது. அதற்குள் இருப்பது 2-ஆம் நெடுவரிசை என்ற எண் அல்லவா? வியூவில் நட்சத்திரக் குறி போட்டு எல்லா நெடுவரிசையும் வேண்டும் என்று எழுதியிருந்தால், பிறகு அட்டவணையில் புதிதாகச் சேர்க்கும் நெடுவரிசை வியூவில் வராது. நட்சத்திரம் அன்றைக்கே விரிந்து எண்களாகிவிட்டது. வியூவின் வரையறையைக் காட்டு என்று கேட்டால், நீங்கள் போட்ட இடைவெளிகளும் எழுதிய குறிப்புரைகளும் இல்லாத ஒரு வடிவம் வருவதற்கும் இதுவே காரணம். மரத்திலிருந்து மீண்டும் எஸ்க்யூஎல் எழுதித் தரும் ‘ரூல்யூடில்ஸ்.சி’ என்ற கோப்பு 10,000 வரிகளைத் தாண்டியது. பதிப்புக்குப் பதிப்பு கணுக்களின் உறுப்புகள் மாறுவதால் பழைய மரத்தைப் புதிய பதிப்பு படிக்க முடியாது. ஆகவே ‘பிஜி_அப்கிரேட்’ கருவி தரவுக் கோப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டாலும், வியூக்களை எஸ்க்யூஎல்லாகத் திருப்பி எழுதித்தான் புதிய பதிப்புக்குள் கொண்டுபோகிறது.

எழுத்தாகச் சேமிப்பதற்கும் மரமாகச் சேமிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எஸ்க்யூஎல் செயற்கூறுகளில் தெளிவாகப் பார்க்கலாம். மேற்கோள் குறிக்குள் உடலை எழுதும் பழைய முறையில் அந்த உடல் வெறும் எழுத்துக்கோவை. நெடுவரிசையின் பெயரை மாற்றினால், செயற்கூறு அடுத்த முறை ஓடும்போதுதான் தெரியும், அது உடைந்துவிட்டதென்று. 2021-ல் வந்த 14-ஆம் பதிப்பில் ‘பிகின் அடாமிக்’ என்று தொடங்கும் புதிய முறை வந்தது. அதில் உடல் மரமாகச் சேமிக்கப்படுகிறது. எந்த அட்டவணையை நம்பி இருக்கிறது என்ற சார்பும் பதிவாகிறது. அந்த அட்டவணையை நீக்கப்போனால் தரவுத்தளமே தடுக்கும். எஸ்க்யூஎல் செயற்கூறு எழுதுகிறவர்கள் இந்த முறைக்கு மாறுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இனி கணுக்களைப் பராமரிக்கும் வேலை. கணு வகைகள் பலவற்றுக்கு நான்கு வேலைகள் தெரிந்திருக்க வேண்டும்: தன்னைப் பிரதி எடுக்க, இன்னொன்றோடு ஒப்பிட, எழுத்தாக மாற்ற, எழுத்திலிருந்து திரும்பப் படிக்க. பல்லாண்டுகள் இந்த நான்கையும் நிரலாளர்கள் கையால் எழுதினார்கள். ஒரு கணுவில் புதிய உறுப்பு சேர்த்தால், நான்கு கோப்புகளில் நினைவாகச் சேர்க்க வேண்டும். ஒன்றில் மறந்தால் கம்பைலர் எச்சரிக்காது. பிரதி எடுக்கும் செயற்கூறில் மறந்தால், மூலத்தில் இருக்கும் மதிப்பு பிரதியில் பூஜ்ஜியமாகிவிடும். சாதாரணமாக ஓடும் வினவல் சரியாக ஓடும். தயாரித்து வைத்துக்கொண்டு மறுமுறை ஓட்டும்போது மட்டும் தவறான பதில் வரும். கண்டுபிடிக்க இதைவிடக் கடினமான பிழை இருக்குமா?

2022 ஜூலையில் இதற்கு முடிவு கட்டினார்கள். பீட்டர் ஐசென்ட்ராட் எழுதிய பெர்ல் நிரல் ஒன்று கணுக்களின் வரையறைக் கோப்புகளையே படித்து, அந்த நான்கு வகைச் செயற்கூறுகளில் பெரும்பாலானவற்றைத் தானே எழுதிவிடுகிறது. விதிவிலக்கு வேண்டிய இடத்தில், உறுப்பின் பக்கத்திலேயே ஒரு குறிப்பு: ‘ஒப்பிடும்போது இதை விட்டுவிடு’ என்பதுபோல. 2023-ல் வெளியான 16-ஆம் பதிப்பிலிருந்து இந்த முறை. உண்மை ஓரிடத்தில் எழுதப்பட்டால் போதும், மற்றவை அதிலிருந்து பிறக்கும். அதே பதிப்பில், வினவல்களைப் புள்ளிவிவரத்துக்காக ஒரே அச்சாக்கும் கைரேகை நிரலும் இதே வழியில் தானியங்கியானது. மதிப்பெண் 90-க்கு மேல் என்ற வினவலும் 80-க்கு மேல் என்ற வினவலும் உங்கள் கண்காணிப்புத் திரையில் ஒரே வரியாகச் சேர்கிறதென்றால், மாறிலியின் மதிப்பு அந்தக் கைரேகையில் சேராது என்று கணுவின் வரையறையில் குறித்திருப்பதுதான் காரணம்.

பட்டியலும் ஒரு கணுதான். லிஸ்பிலிருந்து வந்த பட்டியல், ஒவ்வொரு அறையும் அடுத்த அறையைச் சுட்டும் சங்கிலியாக இருந்தது. 64 பிட் கணினியில் ஒரு அறைக்கு 16 பைட், அதற்கு மேல் நினைவக ஒதுக்கீட்டின் தலைப்புச் செலவு. அறைகள் நினைவகத்தில் சிதறிக் கிடப்பதால் செயலியின் தற்காலிக நினைவகத்துக்கு அவை உகந்தவையாக இல்லை. 2019-ல் போஸ்ட்கிரஸ் நிரலாளர் டாம் லேன் இதை மாற்றினார். 2020-ல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து பட்டியல் என்பது தொடர்ச்சியான அணி. ஓர் இடத்துக்கு 8 பைட். எத்தனையாவது உறுப்பையும் ஒரே தாவலில் எடுக்கலாம்.

இந்த மாற்றத்தில் எனக்குப் பிடித்தது வேகம் அல்ல, மாற்றிய விதம். சங்கிலியில் ஒரு அறையின் முகவரி என்றும் மாறாது. அணி பெரிதாகும்போது முழுவதும் இடம் பெயரலாம். பழைய அனுமானத்தோடு எழுதிய நிரல்கள் ஏராளம், வெளியார் எழுதிய நீட்சிகளிலும் உண்டு. அதனால் அடுத்த அறையை எடுத்துத் தரும் மேக்ரோவுக்குக் கூடுதலாக ஒரு உள்ளீடு கேட்கும்படி செய்தார்கள். பழைய முறையில் அழைத்த நிரல் கம்பைல் ஆகாமல் நின்றுவிடும். நின்றால் எழுதியவர் வந்து பார்ப்பார், சிந்திப்பார், திருத்துவார். அமைதியாக ஓடித் தவறான பதிலைத் தருவதைவிட உரக்க நிற்பது மேல் என்று தெரிந்து செய்த முடிவு.

இப்போது தொடக்கத்தில் சொன்ன அரை உண்மைக்கு வருகிறேன். இன்றைய உரையில் இதுதான் எனக்கு மிக முக்கியமானது.

மாணவர் அட்டவணையை ‘கட்டணம்’ என்ற அட்டவணையோடு லெஃப்ட் ஜாயின் செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் அட்டவணையில் ‘தொகை’ என்ற நெடுவரிசை காலியாக இருக்கவே கூடாது என்று விதித்திருக்கிறோம். ஆனால் கட்டணமே செலுத்தாத மாணவருக்கு, இணைப்பு முடிந்த பிறகு தொகை ‘நல்’, அதாவது மதிப்பே இல்லை, என்றுதான் வரும். அதாவது இணைப்புக்குக் கீழே நின்று பார்த்தால் தொகை ஒருபோதும் நல்லாகாது. மேலே நின்று பார்த்தால் ஆகலாம். மதிப்பு வேறு, பொருள் வேறு. ஆனால் பல்லாண்டுகள் இரண்டுக்கும் ஒரே ‘வார்’ கணு: 2-ஆம் அட்டவணை, இத்தனையாவது நெடுவரிசை. ஒப்பிட்டால் சமம் என்று வரும். உண்மையில் சமம் அல்ல.

கணு சொல்லாத அந்த வேறுபாட்டை, வினவலை ஓட்டும் வழியைத் திட்டமிடும் பகுதியான பிளானர் தன் நிரலில் பல இடங்களில் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த நிபந்தனையை இணைப்புக்குக் கீழே தள்ளலாமா, அந்தச் சமன்பாட்டிலிருந்து புதிய சமன்பாடு பெறலாமா என்று ஒவ்வொரு இடத்திலும் தனித்தனி எச்சரிக்கைகள், தனித்தனி விதிவிலக்குகள். பல்லாண்டுகளாக லெஃப்ட் ஜாயின் போன்ற வெளி இணைப்புகளைச் சுற்றிப் பிழைகள் வந்துகொண்டே இருந்ததில் வியப்பில்லை.

2023 ஜனவரியில் டாம் லேன் இதைத் திருத்தினார். வார் கணுவில் ஒரு புதிய உறுப்பு: இந்த மதிப்பை எந்தெந்த வெளி இணைப்புகள் நல்லாக்கியிருக்கக்கூடும் என்ற கணம். கீழே உள்ள வாரில் அந்தக் கணம் வெறுமை. மேலே உள்ள வாரில் அந்த இணைப்பின் எண். இப்போது இரண்டையும் ஒப்பிட்டால் சமம் அல்ல என்று கணுவே சொல்லும். இதற்காகப் பிளானரின் பெரும்பகுதியைத் தொட வேண்டியிருந்தது, வேலை மலையளவு. ஆனால் அடுத்த ஆண்டு வந்த 17-ஆம் பதிப்பில் பலன் ஒன்று தெரிந்தது. காலியாக இருக்கவே முடியாத நெடுவரிசையைப் பார்த்து ‘நல் இல்லையே’ என்று கேட்கும் வீண் நிபந்தனையைப் பிளானர் இப்போது நீக்கிவிடுகிறது. அப்படி நீக்குவது சரியா என்று அறிய அந்தக் கணம் வெறுமையா என்று பார்த்தால் போதும். முன்பு பெரிய ஆராய்ச்சி தேவைப்பட்ட கேள்விக்கு விடை கணுவிலேயே எழுதியிருக்கிறது.

பிளானரின் உள்வேலையையும் செயலாக்கத்தையும் சுருக்கமாகச் சொல்கிறேன். குவெரி மரத்திலிருந்து பிளானர் பல ‘பாத்’ கணுக்களை உருவாக்குகிறது. ஒரே பதிலுக்குப் போகும் வெவ்வேறு வழிகள் அவை. செலவைக் கணக்கிடப் போதுமான செய்தி மட்டும் அவற்றில் இருக்கும். மலிவானது தேர்வாகி, அது மட்டும் முழுமையான ‘பிளான்’ மரமாகிறது. ஓட்டும்போது பிளான் மரத்தை யாரும் திருத்தக்கூடாது. ஓட்டத்தின்போது மாறும் செய்திகளுக்கு, அதே வடிவில் ‘பிளான்ஸ்டேட்’ என்ற இணை மரம் ஒன்று கட்டப்படுகிறது. இதனால்தான் ஒருமுறை தயாரித்த பிளானைப் பலமுறை ஓட்ட முடிகிறது. 9.6 பதிப்பில் இணைநிலை வினவல் வந்தபோது, பிளான் மரத்தை எழுத்தாக்கிப் பகிர்வு நினைவகத்தில் வைத்தார்கள், உதவிச் செயல்முறைகள் அதைப் படித்துத் தங்களுக்கென்று மரம் கட்டிக்கொண்டன. வியூக்களைச் சேமிக்க என்றைக்கோ எழுதிய எழுத்தாக்கும் வழி அன்றைக்குக் கைகொடுத்தது.

மரம் எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. இலட்சக்கணக்கான பதிவுகளில் ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை மரத்தில் ஏறி இறங்குவது வீண்செலவு. ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் முன்னின்று செய்த மாற்றத்தால், 2017-ல் வந்த 10-ஆம் பதிப்பு முதல் நிபந்தனைகள் ஓடத் தொடங்கும் முன் தட்டையான படிகளின் வரிசையாகிவிடுகின்றன. அடுத்த பதிப்பில் அந்தப் படிகளை எல்எல்விஎம் என்ற கம்பைலர் கருவித்தொகுதி மூலம் நேரடி இயந்திர நிரலாக்கும் வழியும் வந்தது. சிந்திக்க மரம், ஓட வரிசை என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஊரில் தரவுத்தளப் பாடம் என்றால் நார்மல் ஃபார்ம்களும் பத்து வகை ஜாயின்களுமாக நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் போக உங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. போஸ்ட்கிரஸை உங்கள் மடிக்கணினியில் நிறுவுங்கள். ‘கிளையண்ட்_மின்_மெசேஜஸ்’ என்ற அமைப்பை ‘லாக்’ என்றும், ‘டீபக்_பிரிண்ட்_பார்ஸ்’ என்ற அமைப்பை ‘ஆன்’ என்றும் வைத்துவிட்டு நம் மாணவர் வினவலை ஓட்டுங்கள். இன்று நான் வாயால் சொன்ன குவெரி மரம் முழுதாக உங்கள் திரையில் வரும். அதில் 521-ஐத் தேடுங்கள். பிறகு மூலநிரலில் ‘நோட்ஸ்.எச்’, ‘ப்ரிம்நோட்ஸ்.எச்’, ‘பார்ஸ்நோட்ஸ்.எச்’ ஆகிய மூன்று கோப்புகளை இந்த வரிசையிலேயே படியுங்கள். வார் கணுவுக்கு மேல் எழுதப்பட்டிருக்கும் நீண்ட குறிப்புரையை அவசரப்படாமல் படியுங்கள். படித்ததைத் தமிழில் எழுதுங்கள். அடுத்து படிக்க வருகிறவருக்கு அது தேவைப்படும்.